அப்பா போட்ட சின்னம்

கேள்வி: அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டாள். காலங்காலமாக ஆண்ட ஃபியனா ஃபால் கட்சிக்கு இனியும் ஓட்டுப் போடலாமா என்று அவளோடு வேலை பார்ப்பவர்களுக்குள் ஒரே வாக்குவாதமாம். உங்கள் கருத்து?
- வாசகி, தொண்டி

பதில்: பாம்பனில் என் அப்பா கடைசிவரை ஒரே சின்னத்தில்தான் குத்தினார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "ஊருக்கு லைட்டு கொண்டாந்தவங்கடா" என்பார். "மீனுக்கு ஐஸ் இல்லையேப்பா" என்று நான் சண்டை போடுவேன். அவர் ஊசியை நிறுத்தவே மாட்டார்.

அங்கேயும் அதே கதைதான். 1926-ல் ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர் டி வலேரா தொடங்கிய கட்சி. 1932 முதல் 2007 வரை எல்லாப் பொதுத்தேர்தலிலும் முதலிடம். 1967-ல் இலவச மேல்நிலைக் கல்வி வந்தது இவர்கள் ஆட்சியில். அதில் படித்தவர் விசுவாசமாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2008-ல் வங்கிகளின் கடனுக்கு அரசையே ஜாமீன் நிறுத்தியதும் இவர்கள்தான். 2010-ல் நாடே 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்குக் கையேந்தியது. 2011-ல் ஜனங்கள் 20 இடத்தோடு உட்கார வைத்தார்கள். அது நியாயமான தண்டனை. 2024-ல் 48 இடங்களோடு மறுபடி முதலிடம்.

சரி, மகள் என்ன செய்யலாம்? அங்கே ஒரே ஆளுக்குக் குத்திவிட்டு வரவேண்டியதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். வாடகை வீட்டுக்கு என்ன வழி என்று வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் 1 போடட்டும்.