உதகையின் குளிரை மேட்டுப்பாளையத்திலிருந்தே கணிக்க முடியுமா?

கேள்வி: மே மாதம் குழந்தைகளுடன் உதகைக்குச் செல்கிறோம். மேட்டுப்பாளையத்தில் 37 டிகிரி வெயில் என்றால் மேலே எவ்வளவு இருக்கும்? சூரியனை நோக்கித்தானே ஏறுகிறோம், பிறகு ஏன் குளிர்கிறது? இன்னும் மேலே போனால் குளிர் கூடிக்கொண்டே போகுமா?

பதில்: ஓரளவு கணிக்கலாம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்திலும் உதகை சுமார் 2,240 மீட்டரிலும் இருப்பதால், இடைவெளி ஏறக்குறைய 1,900 மீட்டர்; ஆகவே 12 டிகிரி கழித்து, பகலில் 25 டிகிரியை ஒட்டி எதிர்பார்க்கலாம். காற்று வறண்டிருந்தால் வேறுபாடு கூடும், மேகமும் ஈரமும் இருந்தால் குறையும்.

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நாம் ஏறும் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலெழும்போது அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரியும் காற்று குளிர்கிறது. மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்: வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று விரிந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு வானிலை நிகழும் கீழடுக்குக்கு மட்டுமே உரியது. துருவங்களில் சுமார் 8 கிலோமீட்டரும் நம் வெப்பமண்டலப் பகுதியில் 16 முதல் 18 கிலோமீட்டரும் உயரமுள்ள அந்த அடுக்கின் உச்சியில், நமக்கு மேலே, வெப்பநிலை மைனஸ் 80 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. அதற்கு மேலும் குளிரும் என்றே 19ஆம் நூற்றாண்டில் எண்ணியிருந்தார்கள். பாரிஸ் அருகே கருவிகளைப் பலூன்களில் அனுப்பிச் சோதித்த டெஸரெங்க் டி போர், ஓர் உயரத்துக்குப் பின் வெப்பநிலை குறையாமல் நிற்பதை 1902இல் அறிவித்தார். வளிமண்டலம் அடுக்குகளால் ஆனது என்ற தெளிவு அங்கிருந்துதான் பிறந்தது. கீழடுக்குக்கு அடுத்து மேலே இருக்கும் மீள் அடுக்கில் (ஸ்ட்ராடோஸ்பியர்) ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிச் சூடாவதால், 50 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரியை நெருங்குகிறது. அதற்கு மேலுள்ள இடையடுக்கில் மறுபடி குளிர்ந்து, சுமார் 85 கிலோமீட்டரில் மைனஸ் 90 டிகிரிக்குச் செல்கிறது. அதையும் தாண்டிய வெப்ப அடுக்கில் 1,000 டிகிரிக்கு மேல் போகலாம் என்றாலும், காற்றுத் துகள்கள் மிக அரிதாக இருப்பதால் அந்தச் சூடு உடலில் உறைக்காது.

ஒன்றை மறக்க வேண்டாம். உயரம் கூடும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்களின் தாக்கம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. உதகையில் வெயில் இதமாகத் தோன்றினாலும், நண்பகலில் குழந்தைகளுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணிவியுங்கள். ஸ்வெட்டர் மாலைக்குத்தான் தேவைப்படும்.