போரில் மறைந்த பெற்றோரைத் தேடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பா பாலம், சாலை போடும் மெட்ராஸ் சாப்பர் பட்டாளத்தில் இருந்தார். 1942-இல் சிங்கப்பூரில் காணாமல் போனதாகத் தந்தி வந்ததாம். அப்போது நான் கைக்குழந்தை. ஒரு பதக்கமும் அம்மாவின் பென்ஷன் புத்தகமும்தான் மிச்சம். எனக்கு வயது 84. அவர் என்ன ஆனார் என்று இனியும் தெரிந்துகொள்ள முடியுமா?
வாசகி, குடியாத்தம்

பதில்: தேடத் தொடங்குவதற்குப் போதுமானது உங்கள் கையில் இருக்கிறது, அம்மா. முதலில் பென்ஷன் புத்தகத்தில் அப்பாவின் ராணுவ எண்ணைத் தேடுங்கள். ராணுவக் கோப்புகளில் ஒருவரை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். முனுசாமி என்ற ஒரே பெயரைக் குமாஸ்தாக்கள் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள்.

பதக்கத்தின் விளிம்பையும் பின்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்ணோ பெயரோ பொறித்திருக்கக்கூடும். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், பொறிப்பு மழுங்கிப் போகும். நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் நடுவட்டத்தில் அதன் பெயர் இருக்கும். மலேயா, சிங்கப்பூர்ப் போருக்குக் கொடுத்தது பசிபிக் ஸ்டார். பர்மாப் போருக்கு பர்மா ஸ்டார்.

அடுத்தது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படையினரின் பெயர்கள் அதில் உள்ளன. தேடல் இலவசம். பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். நம்மவர்களின் ஒற்றைப் பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில்தான் ஏறியிருக்கும். ஆகவே பெயரை அந்தக் கட்டத்தில் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 'இந்திய ராணுவம்' என்று வடிகட்டி, எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள். எண் இருந்தால் எண்ணாலேயே தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் இருக்கும். மாவட்டம் மட்டும் பழைய பெயரில் இருக்கும்: குடியாத்தத்துக்கு வட ஆற்காடு, தருமபுரிக்கும் நாமக்கல்லுக்கும் சேலம்.

பதிவு கிடைத்தால் நினைவிடத்தின் பெயரைக் கவனியுங்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில், கல்லறை எதுவென்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சுவரின் எந்த நெடுவரிசையில் பெயர் உள்ளது என்பதும் பதிவில் இருக்கும். அங்கே வசிக்கும் உறவினர் யாரிடமாவது சொன்னால் படம் எடுத்து அனுப்ப அது போதும். தகனம் செய்யப்பட்ட இந்தியப் படையினருக்கு அதே வளாகத்தில் தனி நினைவிடம் உண்டு. இந்து வீரர்கள் பலருக்குக் கல்லறை இல்லாததற்குத் தகனமும் ஒரு காரணம். யாரும் அக்கறை காட்டவில்லை என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

இறந்த தேதியை நிதானித்துப் படியுங்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. அதற்கு முந்தைய தேதி என்றால் சண்டையில் இறந்திருக்க வாய்ப்பு அதிகம். 1943, 1944 என்று இருந்தால் சிறைப்பட்ட பிறகு நேர்ந்த மரணமாக இருக்கலாம். பிடிபட்ட இந்தியர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரை ஜப்பானியர் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலேற்றி வேலை வாங்கினார்கள். இன்றைய பப்புவா நியூகினியில் லே, பிட்டா பாக்கா என்ற இரண்டு போர்க் கல்லறைகளிலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். அதனால் தேடலைச் சிங்கப்பூரோடு நிறுத்திவிடாதீர்கள். காணாமல் போனவர்களுக்கு எழுதப்பட்ட தேதி பல சமயம் அலுவலக அனுமானம்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இவற்றோடு கூடவே, பட்டாளத்தின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மெட்ராஸ் சாப்பருக்கு அது பெங்களூரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டனில். பென்ஷன் புத்தக நகல், நீங்கள் மகள் என்பதற்கான சான்று, உங்கள் அடையாள அட்டை நகல் மூன்றையும் இணையுங்கள். 'அப்பாவின் கோப்பு வேண்டும்' என்று மட்டும் கேட்டால் 'காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடலாம். 'லாங் ரோல் பதிவேட்டில் உள்ள விவரம் வேண்டும்' என்று கேளுங்கள். லாங் ரோல் என்பது படையில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடு. கோப்புகளை அழித்தாலும் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பார்கள். சேர்ந்த தேதி, ஊர், எப்படிப் படையை விட்டு நீங்கினார் போன்ற அடிப்படை விவரங்களை அதில் எதிர்பார்க்கலாம். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மகள் என்ற சான்றை அதிலும் இணையுங்கள். இல்லாவிட்டால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுக்க இடம் உண்டு.

அப்பா இருந்த கம்பெனியின், அதாவது பட்டாளத்தின் சிறு பிரிவின், எண் தெரிந்துவிட்டால், லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். தென்கிழக்காசியப் போர்முனைக்கான கோப்பு வரிசையின் எண் டபிள்யூ.ஓ. 172 (WO 172). சிப்பாய்களின் பெயர் அதில் அநேகமாக இராது. கம்பெனி அன்று எந்த ஊரில், எந்தப் பாலத்தில் வேலை செய்தது என்பது இருக்கும்.

கேள்வி: அம்மாவின் அப்பா பேராக் தோட்டம் ஒன்றிலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பவில்லை. ஆணையத்தின் பட்டியலில் பெயர் இல்லையே?
வாசகர், ஈப்போ

பதில்: இருக்காது. அந்த ஆணையத்தின் பட்டியல் பெரும்பாலும் படையினருக்கானது. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் ஆசியத் தொழிலாளர்களே போர்க் கைதிகளைவிட அதிகமாக மாண்டார்கள். கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் உண்டு. தோட்டத்து மக்களுக்கு அப்படியொரு பெயர்ப் பட்டியல்கூட இல்லை. இது பெரிய அநீதி. எனவே உங்கள் தேடல் தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோட்டத்தின் பெயரையும் அதன் எந்தப் பிரிவு (டிவிஷன்) என்பதையும் முதலில் உறுதி செய்யுங்கள். ஒரே தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் அழைத்த பெயர் இன்னொன்று. அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் இரண்டில் ஒன்று இருக்கும்; தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் துறைக் கோப்புகளைத் தோட்டப் பெயரால் கேளுங்கள். செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) ஏதாவது தப்பியிருந்தால் அது பெரும் அதிர்ஷ்டம். சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய நேர்காணல்கள் உள்ளன, தமிழிலும் உண்டு. உங்கள் தாத்தாவின் பெயர் அதில் வராமல் போகலாம். அவர் போன வழியும் முகாமும் காலராவும் வரும்.

திரும்பி வந்தவர் யார், இறந்த செய்தியைச் சொன்னது யார் என்று அம்மாவிடம் உடனே கேட்டுக் குறித்துவிடுங்கள். அந்த ஒரு பெயர் உங்களை இன்னொரு குடும்பத்திடம் கொண்டு சேர்க்கும்.

கேள்வி: அப்பா 1987-இல் அமைதிப் படையோடு இலங்கை போய் உயிரிழந்தார். அவர் பெயர் எங்கே இருக்கும்?
வாசகர், தேனி

பதில்: டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் தியாக சக்கரம் என்ற பெயர் பொறித்த சுவர்களில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது அது. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலும் அமைதிப் படை நினைவிடத்தில் பெயர்கள் உள்ளன. இரண்டிலும் விடுபட்டிருந்தாலோ எழுத்துப் பிழை இருந்தாலோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: சேகரித்ததைப் பேரப்பிள்ளைகளுக்கும் பிறருக்கும் தெரியும்படி எப்படிப் பகிர்வது?
வாசகி, கோவை

பதில்: கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள். நம் வீடுகளில் பழைய காகிதத்துக்கு நடக்கும் மிகப் பெரிய கேடு இதுதான். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முயன்றால் காகிதமே போய்விடும். செல்லோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். மடிப்பை மெல்லப் பிரித்து 600 டி.பி.ஐ. (dpi) துல்லியத்தில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். புகைப்படத்தின் பின்புறத்தையும் கடித உறையையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். உறையில் உள்ள கள அஞ்சலக எண், கடிதத்துக்குள் எழுதக் கூடாது என்று தடுத்த இடத்தையே சில சமயம் காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது சுருங்கிய நகல்.

பெரியவர்களிடம் ஒலிப்பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். 'அப்பா எப்படி இருப்பார்?' என்று கேட்டால் 'நல்லவர்' என்பதோடு முடிந்துவிடும். 'தந்தியைப் படித்துச் சொன்னது யார்? அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள்?' என்று கேளுங்கள்.

எழுதும்போது வீட்டுக் கதையையும் ஆவணத்தையும் கலக்காமல் எழுதுங்கள். 'குண்டு விழுந்து இறந்ததாகப் பாட்டி சொல்வார். ஆவணம் நோயால் இறந்ததாகச் சொல்கிறது' என்று இரண்டையும் வைக்கலாம். பாட்டியின் சொல்லை அழித்து எழுத வேண்டியதில்லை, அவருக்கு அப்படித்தான் சேதி வந்திருக்கும். உயிரோடிருப்பவர்களின் முகவரி, பென்ஷன் எண் போன்றவற்றைப் பொதுவில் போடும் முன் மறைத்துவிடுங்கள்.

இரண்டு உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் ஆணையத்தின் 'ஃபார் எவர்மோர்' பகுதியில் படத்தோடு கதையைப் பதியலாம். ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ அவர்கள் பதிவில் தவறாக இருந்தால், அக்காலத்து ஆவணம் ஒன்றின் ஸ்கேன் பிரதியோடு திருத்தம் கேட்டு எழுதுங்கள். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கும் விண்ணப்பிக்கலாம். படையில் இருந்ததற்கு ஒன்று, இறந்த தேதிக்கும் காரணத்துக்கும் ஒன்று என ஆவணச் சான்று கேட்பார்கள். உறவினர் வாக்குமூலம் மட்டும் போதாது.