பதினாறு வயது மகன் டியூஷனுக்கு ஸ்கூட்டர் ஓட்டிப் போகலாமா?

வீட்டில் இருக்கும் 110 சிசி ஸ்கூட்டரை, எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்துக் கொடுத்து பிளஸ் ஒன் படிக்கும் மகனிடம் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு உரிமம் கிடைப்பது உண்மைதான், ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கடைகளில் இன்று விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. அதற்கெல்லாம் 18 ஆக வேண்டும்.

"மாட்டினால் ஃபைன் கட்டிவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு அவ்வளவு லேசானதல்ல. பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்' என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்குகிற வீட்டில் அது எப்படி எடுபடும்?

விபத்து நடந்தால் இன்னும் சிக்கல். காயம்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்தாலும், உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று அதை உங்களிடமே வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

சரி, வேறு வழி? 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத வேகமும் கொண்ட மின்ஸ்கூட்டருக்கு உரிமம் தேவையில்லை. வேகக் கட்டுப்பாட்டை மெக்கானிக்கிடம் கழற்றிவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். அப்புறம், ஹெல்மெட் அதற்கும் போடச் சொல்லுங்கள்.