முதல் டிராஃப்டுக்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

அலுவலக நண்பர்கள் என்னையும் என்எஃப்எல் ஃபேன்டஸி லீகில் (அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ வீரர்களை வைத்து நாமே அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப பாயின்ட் சேர்க்கும் போட்டி) சேர்த்துவிட்டார்கள். மொத்தம் 12 அணிகள். அமெரிக்க ஃபுட்பால் ஓரளவு பார்ப்பேன், டிராஃப்ட் (வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணி அமைப்பது) புதிது. எங்கே தொடங்குவது?

வீரர்கள் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் லீகின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள். எந்த இடத்துக்கு எத்தனை பேர், பாயின்ட் எப்படி என்ற இரண்டும் தெரியாமல் எந்தத் தரவரிசையைப் படித்தும் பயனில்லை.

பரவலாக இருக்கும் அமைப்பு இது: ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (பிடிக்கவும் தடுக்கவும் செய்பவர்), ஒரு ஃபிளெக்ஸ், ஒரு கிக்கர், ஒரு டிஃபென்ஸ் (ஒரு என்எஃப்எல் அணியின் தடுப்பாட்டம் முழுதும்), மீதி பெஞ்ச். ஃபிளெக்ஸில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் மூவரில் யாரையும் போடலாம். ஓடியோ பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு 1 பாயின்ட், டச்டவுனுக்கு 6. பந்தை எறிந்து எடுக்கும் 25 யார்டுக்கு 1, டச்டவுனுக்குப் பெரும்பாலும் 4.

வித்தியாசம் வருவது கேட்சில்தான். ஒரு ரிசீவர் 8 கேட்ச் பிடித்து 80 யார்டு எடுத்தால், சாதா லீகில் 8 பாயின்ட். கேட்சுக்கு அரை பாயின்ட் தரும் லீகில் 12. முழு பாயின்ட் தரும் பி.பி.ஆர். லீகில் 16. 18 முறை ஓடி 90 யார்டு எடுத்து ஒரு கேட்சும் பிடிக்காத ரன்னிங் பேக்குக்கு மூன்றிலும் 9தான். பி.பி.ஆர். பட்டியலை வைத்துக்கொண்டு சாதா லீகில் உட்கார்ந்தால், முதல் சுற்றிலேயே கணக்கு பிசகும்.

எனக்கு டிராஃப்ட் வரிசையில் 5ஆவது இடம் விழுந்திருக்கிறது. சாதகமா, பாதகமா?

இரண்டும் இல்லை. ஆனால் அடுத்த முறை எப்போது வரும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். முறை வைத்து எடுக்கும் ஸ்நேக் டிராஃப்டில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாகும். 12 அணி லீகில் 5ஆம் இடத்துக்காரருக்கு வரும் எண்கள் 5, 20, 29, 44, 53, 68. அதாவது, ஒரு முறை 14 பேர் போன பிறகு உங்கள் முறை. அடுத்தது 8 பேர் போன பிறகே வந்துவிடும். இந்த நீளம் – குட்டை மாறி மாறி வரும்.

இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வீரர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவதைவிட, ஏறக்குறைய ஒரே தரமுள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு நடுவே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 44ஆவது தேர்வில் உங்கள் தாளில் ஒரு குழுவில் ஐந்து ரிசீவர்கள் மிச்சம், இன்னொரு குழுவில் ஒரே ஒரு டைட் எண்ட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ரிசீவர் மேலே இருந்தாலும் டைட் எண்டை எடுப்பதே பொதுவாக நல்லது. 53இல் அந்த ஐவரில் ஒருவர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் ஒரு படி போகலாம். 45 முதல் 52 வரையிலான எட்டுத் தேர்வுகளும் 1 முதல் 4ஆம் இடம் வரை இருக்கும் நான்கே பேருடையவை, ஆளுக்கு இரண்டு. அந்த நால்வரின் அணியைத் திரையில் பாருங்கள். நால்வரிடமும் ஏற்கெனவே டைட் எண்ட் இருந்தால், அவர்கள் இன்னொருவரை எடுப்பது அபூர்வம். அப்போது ரிசீவரை எடுத்துவிட்டு டைட் எண்டுக்குக் காத்திருக்கலாம். புதியவர்கள் தங்கள் அணியை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஆட்டம் நடப்பதோ மற்றவர்களின் அணியில்.

களத்தில் முக்கியமான ஆள் குவார்ட்டர்பேக்தானே? முதல் சுற்றில் ஏன் எடுக்கக் கூடாது என்கிறார்கள்?

என்எஃப்எல்லின் 32 அணிகளில் ஆளுக்கொரு குவார்ட்டர்பேக் ஆடுகிறார். உங்கள் லீகுக்கு வாரத்துக்கு 12 பேர் போதும். ரன்னிங் பேக்கோ குறைந்தது 24 பேர் வேண்டும், ஃபிளெக்ஸுக்குத் தனி. அதிலும் பல அணிகள் ஓட்டத்தை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. தட்டுப்பாடு எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

விதிவிலக்கு சூப்பர்ஃபிளெக்ஸ் லீக். அங்கே இரண்டாவது குவார்ட்டர்பேக்கையும் இறக்கலாம் என்பதால் வாரத்துக்கு 24 பேர் வரை தேவை. முதல் சுற்றிலேயே அள்ளிக்கொண்டு போவார்கள். சாதாரண லீகிலும் தானே ஓடுகிற குவார்ட்டர்பேக்குக்கு மதிப்பு கூடுதல்: 50 யார்டு ஓட்டம், 125 யார்டு எறிவதற்குச் சமம்.

என் வீரர்கள் பலருக்கு ஒரே வாரத்தில் ஓய்வு வந்தால்?

வரட்டும். சீசனின் 18 வாரத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பை வீக் (ஆட்டமில்லாத வாரம்) உண்டு. அதற்காக முதல் ஆறேழு சுற்றில் நல்ல வீரரை விட்டுவிடாதீர்கள். பெஞ்சுக்கு இரண்டாவது குவார்ட்டர்பேக் எடுப்பதானால் மட்டும் வாரத்தைச் சரிபாருங்கள்.

கிக்கரும் டிஃபென்ஸும்?

கடைசி இரண்டு சுற்று. ஒன்றுக்கு மேல் வேண்டாம். டிஃபென்ஸை முதல் வார எதிரணி யார் என்று பார்த்து எடுங்கள். பிறகு வேவர் வயரில் (லீகில் யார் அணியிலும் இல்லாதவர்களின் பட்டியல்) மாற்றிக்கொள்ளலாம்.

டிராஃப்ட் அன்று எங்கே சறுக்குவார்கள்?

பழைய பட்டியலில். ஆகஸ்ட் கடைசியில் என்எஃப்எல் அணிகள் 53 பேராகச் சுருங்கும்போது நிலவரமே மாறும். பி.யூ.பி. பட்டியலில் (உடல்நிலை காரணமாக ஆடத் தயாராகாதவர்கள்) சீசனைத் தொடங்குபவர் குறைந்தது முதல் நான்கு ஆட்டங்களுக்கு வரமாட்டார். அச்சில் வந்த தரவரிசை எதுவானாலும் (நம் இதழினது உட்பட) அன்று காலை காயச் செய்தியோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். 60 அல்லது 90 விநாடியில் யோசிக்கவே தொடங்கினால் நேரம் போதாது. உங்கள் முறைக்கு முன்பே மூன்று நான்கு பேரைத் தளத்தில் உங்கள் க்யூவில் (எடுக்க நினைப்பவர்களின் வரிசை) போட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்தால் ஆட்டோபிக் (தளம் தானாகச் செய்யும் தேர்வு) அதிலிருந்து எடுக்கும். க்யூ காலியானால் தளம் தன் வரிசைப்படி யாரையோ தலையில் கட்டிவிடும்.

மாக் டிராஃப்டை (ஒத்திகை) டிராஃப்ட் நடக்கும் அதே தளத்தில், அதே 5ஆம் இடத்தில் இருந்து செய்து பாருங்கள். தளத்துக்குத் தளம் வரிசை வேறு. பெரும்பாலோர் கண்முன் தெரியும் வரிசையில்தான் எடுப்பார்கள். உங்களுக்குப் பிடித்த வீரர் அதில் 90ஆவதாக இருந்தால், 53இல் அவசரப்படத் தேவையில்லை.

(இன்னொரு வாசகர்) எங்கள் லீகில் ஸ்நேக் இல்லை, ஏலம்.

வழக்கமான பட்ஜெட் 200 டாலர். மிச்சமுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது 1 டாலர் ஒதுக்கியாக வேண்டும். கையில் 40 டாலர், நிரப்ப 6 இடம் என்றால் ஒருவருக்கு நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை 35.