சமர்த்துப் பிள்ளை சுமக்கும் சுமை

கேள்வி: ஓவிய சிகிச்சையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சியில், வேறு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கிறேன். மகன் பள்ளியில் பேசுவதே இல்லை. பெற்றோருக்கு இங்குள்ள மொழி வராது. 10 வயது மகள் சமர்த்து, எல்லாவற்றையும் அவளே மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறாள். 5 அமர்வு முடிந்தும் அம்மா மனம் திறக்கவில்லை. வெவ்வேறு பண்பாட்டுக் குடும்பங்களுக்கான ஆலோசனையில் ஒரு டிப்ளோமாவும் படித்தால் இத்துறையில் முன்னேறலாமா?

பதில்: டிப்ளோமா பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். 'மகள் சமர்த்து' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

கணவன் மீதான கோபத்தையும், இந்த ஊருக்கே வந்திருக்க வேண்டாம் என்ற ஏக்கத்தையும் பெற்ற மகளின் வாயால் எந்தத் தாய் சொல்லுவாள்? மகளும் கேட்டதை அப்படியே சொல்லமாட்டாள். அப்பாவின் கடுஞ்சொல்லை மென்மையாக்குவாள், தம்பியைப் பற்றிய புகாரை விழுங்கிவிடுவாள். வீட்டைக் காப்பாற்றுவது தன் பொறுப்பு என்று அந்தக் குழந்தை நினைக்கிறது. ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் ஏற்கெனவே பெற்றோருக்காகப் பேசிக்கொண்டிருப்பாள். நீங்களும் அவள் தலையில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டீர்கள். வீட்டில் பெற்றோர் பெற்றோராக இருக்க வேண்டும், பிள்ளை பிள்ளையாக இருக்க வேண்டும். அதைக் குலைக்கிற ஆலோசனையை நான் ஆலோசனை என்றே சொல்லமாட்டேன். இந்த வாரமே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லி, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

உறவினர் வேண்டாம். அதே சிறு சமூகத்தில் பழகுகிறவரும் வேண்டாம்; பேச்சு வெளியே போகும் என்று அம்மா பயப்படுவார். எல்லா அமர்வுக்கும் ஒரே ஆள் வரட்டும். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு ஓவியத்துக்குச் சரிப்படாது, 'இது' என்று விரல் காட்டுவது மறுமுனையில் தெரியாது. அமர்வுக்கு முன் 10 நிமிடம் மொழிபெயர்ப்பாளரோடு பேசுங்கள். அம்மா 'நான்' என்றால் அவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'நெஞ்சு கனக்கிறது' என்றால் அதை மனச்சோர்வு என்று திருத்தாமல் அப்படியே தர வேண்டும். அம்மாவுக்குப் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி அவரை உட்கார வையுங்கள். உங்கள் கண் அம்மா மேல் இருக்கட்டும். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். 50 நிமிட அமர்வு 80, 90 வரை போகும், அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், ஓவியம் என்ற, பேச்சே தேவைப்படாத கருவி உங்கள் கையில் இருக்கிறது. குடும்ப ஓவிய சிகிச்சையின் முன்னோடி ஹெலன் லேண்ட்கார்ட்டன் வகுத்த முறையைப் படித்திருப்பீர்கள். பெரிய தாள் ஒன்றை மேசையில் ஒட்டுங்கள். ஆளுக்கொரு நிற மார்க்கர், கடைசிவரை நிறம் மாறக்கூடாது. யாரும் பேசாமல் சேர்ந்து வரையட்டும். முதலில் தொட்டது யார், யார் கோட்டின் மேல் யார் போனார் என்று பாருங்கள். அம்மாவின் பச்சை ஓரத்திலேயே நிற்கிறதா? மகளின் சிவப்பு எல்லார் கோட்டையும் ஓடி ஓடி இணைக்கிறதா? அப்படியானால் அவள் வீட்டில் செய்கிற வேலை தாளில் வந்துவிட்டது.

வரைந்ததற்குப் புத்தகத்தைப் பார்த்து அர்த்தம் சொல்லாதீர்கள். வெள்ளை ஓரிடத்தில் மணக்கோலம், இன்னோரிடத்தில் துக்கம். 'குடும்பத்தை வரை' என்றதற்கு 14 பேரை வரைந்தால் அது நெரிசலாகாது, அவர்கள் குடும்பமே அவ்வளவு பெரிது. உயிர்களை வரைவதை மதம் தடுக்கிற குடும்பமும் உண்டு. துணி, நூல், களிமண்ணும் எடுத்து வையுங்கள்.

மகன் வீட்டில் தாய்மொழியில் சரளமாகப் பேசுகிறானா என்று கேட்டீர்களா? புது மொழிக்கு வந்த பிள்ளைகள் சில மாதம் மௌனமாக இருப்பது உண்டு. அது நீண்டுகொண்டே போனால் பேச்சு நிபுணர் இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டும்.

டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுமுன், வேலை பார்க்கப்போகும் நாட்டில் சிகிச்சையாளராகப் பதிவு செய்ய அதை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். பிரிட்டனில் பதிவு இல்லாமல் ஓவிய சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம்.

அடுத்த அமர்வில், பெற்றோர் முன்னால் மகளுக்கு நன்றி சொல்லி, 'இனி இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லுங்கள். பழக்கத்தில் அவள் வாயெடுத்தால் அதட்டாதீர்கள், பதிலும் வாங்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் பேசி முடிக்கும்வரை அம்மாவையே பார்த்துக் காத்திருங்கள்.