பாட்டி கதை வீடியோல கமென்ட் ஆன் பண்ண முடியலங்கிறதுக்கு பதில்

கமென்ட் ஆன் ஆகல, வருமானமும் இறங்கிடுச்சு, சேனல் ஹேக் ஆயிடுச்சான்னு கேட்டிருந்தீங்க. ஹேக் எதுவும் ஆகலைங்க. உங்க காக்கா வடை கதை வீடியோ ‘மேட் ஃபார் கிட்ஸ்’ஆ, அதாவது குழந்தைங்களுக்கானதா குறிக்கப்பட்டிருக்கும், அப்படி இருந்தா யூடியூப்ல கமென்ட் வராது, பெல் ஐகானும் வேலை செய்யாது, பார்க்கிறவங்களுக்கு ஏத்த மாதிரி வர்ற விளம்பரமும் நின்னுடும், அதான் வருமானமும் சேர்ந்து இறங்கியிருக்கு.

இது இணையத்துல குழந்தைங்க விவரத்தைப் பாதுகாக்கிற அமெரிக்காவோட காப்பா (COPPA) சட்டத்தால வந்தது. 13 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க விவரத்தை பெத்தவங்க சம்மதம் இல்லாம சேகரிச்சதா சொல்லி 2019ல கூகுளும் யூடியூபும் 170 மில்லியன் டாலர் கட்ட வேண்டியதாச்சு, 2020 ஜனவரில இருந்து எந்த நாட்டுல இருந்து வீடியோ போட்டாலும் இதே விதிதான்.

யூடியூப் ஸ்டூடியோல அந்த வீடியோவோட பென்சிலை அமுக்கி ஆடியன்ஸ் பகுதிய பாருங்க, இது குழந்தைங்களுக்கானதான்னு அங்க கேட்டிருக்கும். நீங்களே ‘யெஸ்’ குடுத்திருந்தா மாத்திக்கலாம். யூடியூபே போட்டதுன்னு காட்டினா உங்களால மாத்த முடியாது, அப்பீல்தான் பண்ணணும். சேனல் செட்டிங்ஸையும் ஒரு தடவ பாத்துடுங்க, அங்க மொத்தமா ‘யெஸ்’னு இருந்தா எல்லா வீடியோவுக்கும் அதுவே வரும்.

ஆனா கமென்ட்டுக்காக மட்டும் ‘நோ’ போட்டுடாதீங்க. நீங்க சொன்னபடி பொம்மை காக்கா, பாட்டி குரல், கூடவே பாட்டுன்னு இருந்தா அது குழந்தைங்களுக்கான வீடியோதான், வேணும்னே தப்பா குறிச்சா சேனல் மேல நடவடிக்கை வரலாம். அதோட அஞ்சு வயசு பிள்ளை எதைப் பாக்குதுன்னு பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுறத தடுக்கத்தானே இந்த விதியே, அது நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துதான்.