வைரஸுக்குப் பசிக்குமா?
அறிவியல் கேள்வி – பதில்

விருதுநகரிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர்: உணவு எரிந்து ஆற்றலாகிறது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். உடலுக்குள் தீ ஏதும் இல்லாதபோது அது எப்படி எரிகிறது? செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு எங்கே, எவ்விதம் உண்டாகிறது?

தீ மூளாமல் எரிப்பதில்தான் செல்லின் சாமர்த்தியமே இருக்கிறது. சர்க்கரையை அடுப்பில் போட்டால் அதிலுள்ள ஆற்றல் முழுவதும் ஒரே மூச்சில் வெப்பமாகப் போய்விடும். அதைக் கொண்டு செல் ஒரு புரதத்தைக்கூடக் கட்ட முடியாது. ஆகவே குளுக்கோஸைச் செல் படிப்படியாகப் பிரிக்கிறது. முதல் பத்துப் படிகள் சைட்டோபிளாசத்திலேயே, ஆக்சிஜன் இல்லாமலே நடந்து முடிகின்றன. அவற்றின் இறுதியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவேட்டாக உடைந்திருக்கும். நிகர லாபம் இரண்டு ஏடிபி. நமது ரத்தச் சிவப்பணுக்களில், அடுத்த படிகள் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்பதால், ஏறத்தாழ 120 நாள் ஆயுளையும் அவை இந்தச் சொற்ப வருமானத்திலேயே ஓட்டிவிடுகின்றன.

மற்ற செல்களில் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்கிறது. அங்கே அதன் கார்பன் அணுக்கள் கார்பன் டைஆக்சைடாக வெளியேற, அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்துள்ள புரதத் தொகுதிகளின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. இறுதியில் அவற்றை ஏற்றுக்கொண்டு நீராக மாறுவது, நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன். எலக்ட்ரான்கள் கைமாறும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரோட்டான்களை இறைத்துத் தேக்குகின்றன. மேட்டூர் அணையில் தேங்கிய நீர் மதகு வழியே இறங்கும்போது டர்பைனைச் சுழற்றுவதைப் போல, தேங்கிய புரோட்டான்கள் திரும்பி வரும் ஒரே முக்கிய வழியில் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதி அமர்ந்திருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மிட்செல் 1961இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது துறையில் பெரும்பாலோர் நம்பவில்லை. 1978இல் அதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நொதி உண்மையாகவே சுழல்கிறது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் பொருத்தி, அதன் அச்சில் ஒளிரும் புரத இழை ஒன்றை ஒட்டவைத்து, ஏடிபி கொடுத்து, இழை ஒரே திசையில் சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். செல்லில் நடப்பது இதன் மறுதலை: புரோட்டான்கள் அச்சைச் சுழற்றுகின்றன, ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் மூன்று ஏடிபி மூலக்கூறுகள் உருவாகின்றன. பாலூட்டிகளில் ஒரு சுற்றுக்கு எட்டுப் புரோட்டான்கள் செலவாகின்றன. சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு 150 மில்லிவோல்ட் அளவுதான் என்றாலும், சவ்வின் தடிமன் ஐந்து நானோமீட்டர் மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், அது மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் என்ற கணக்குக்கு வருகிறது. எல்லாம் சேர்த்து ஒரு குளுக்கோஸிலிருந்து 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கும் என்பது இன்றைய மதிப்பீடு. பழைய பாடநூல்களில் 38 என்றிருக்கும். தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதையே எழுதிவிடுங்கள்.

இலையிலும் இதே ஏற்பாடுதான். பசுங்கணிகத்தின் சவ்வில் சூரிய ஒளி நீரைப் பிளந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட, புரோட்டான்கள் தேங்க, அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதி சுழல்கிறது. நீர் பிளக்கும்போது மிஞ்சும் ஆக்சிஜனைத்தான் நாம் சுவாசிக்கிறோம்.

சென்னை வாசகர்: ஏடிபியைக் கண்டுபிடித்தவர் சென்னையில் படித்த இந்தியர் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, திசுக்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த முறையைக் கைக்கொண்டு தசையை ஆராய்ந்தபோதுதான் முதலில் பாஸ்போகிரியேட்டினும் பிறகு 1929இல் ஏடிபியும் கிடைத்தன. ஆனால் அதே 1929இல் ஜெர்மனியின் கார்ல் லோமானும் ஏடிபியைத் தனியே பிரித்தெடுத்து வெளியிட்டார் என்பதால், பெருமையை இருதரப்புக்கும் பகிர்வதே நியாயம். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ என்று படிக்கும் அந்தச் சோதனையில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

நாமக்கல் வாசகி: மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் கண்டிப்பார்கள். காரணம் என்ன?

முதல் கேள்விக்குச் சொன்ன விடையின் கடைசிப் படியில்தான் இதற்கான காரணம் இருக்கிறது. கிழங்கில் லினமாரின் என்ற பொருளும், அதைச் சிதைக்கும் நொதியும் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் உள்ளன. கடிக்கும்போதோ துருவும்போதோ இரண்டும் கலந்து, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசிப் புரதத்திலுள்ள இரும்பணுவைச் சயனைடு பிடித்துக்கொள்வதால், சங்கிலி முழுவதும் கடைசியிலிருந்து முன்னோக்கி அடைபட்டு, புரோட்டான் இறைப்பு நின்று, ஏடிபி உற்பத்தி முடங்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் சயனைடு நச்சுக்கு ஆளானவர்களின் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். தோலில் இந்த நச்சு அதிகம். தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். பெரியவர்களின் கண்டிப்பு முற்றிலும் சரி.

தஞ்சாவூர் வாசகர்: வைரஸ் சாப்பிடுமா, மூச்சு விடுமா? பசிக்காத ஒன்று எப்படிப் பெருகுகிறது?

சாப்பிடாது, மூச்சும் விடாது. செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸ், மரபுப்பொருளும் அதைச் சுற்றிய புரத உறையும் மட்டுமே. சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புச் சவ்வும் உண்டு. ஏடிபி தயாரிக்கும் ஏற்பாடோ, புரதம் கட்டும் ரைபோசோமோ அதனிடம் கிடையாது. அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி 1935இல் புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கிக் காட்டினார். உப்பைப் போலப் படிகமாகப் புட்டியில் கிடந்த அது, கரைத்து இலையில் தேய்த்ததும் மறுபடி நோயை உண்டாக்கியது. வைரஸ் உயிருள்ளதா இல்லையா என்ற பட்டிமன்றம் அன்றிலிருந்து நடக்கிறது. அதைவிட, அதன் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

செலவு முழுவதும் செல்லின் தலையில் விழுகிறது. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களில் இதை அணுகிப் பார்க்கலாம். புதிதாக உருவான ஃபேஜின் வெற்று உறைக்குள் டிஎன்ஏவை ஒரு புரத மோட்டார் திணிக்கிறது. அந்த மோட்டாருக்கு வேண்டிய ஏடிபியைக் கொடுப்பது, சாகப்போகிற பாக்டீரியாதான். திணிப்பு முடியும்போது உள்ளே அழுத்தம், சில ஃபேஜ்களில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருபது மடங்கைத் தாண்டிவிடும். அடுத்த பாக்டீரியாவின் மேல் அமர்ந்ததும் அந்த அழுத்தமே டிஎன்ஏவை உள்ளே செலுத்தத் தொடங்குகிறது. முந்தைய செல்லின் ஆற்றல் அடுத்த செல்லை உடைக்கப் பயன்படுகிறது என்றே சொல்லலாம்.

இன்னும் வியப்பானது கடலில் நடக்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் ஒன்றில், ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாத டி1 என்ற புரதத்துக்கான மரபணு இருப்பது 2003இல் தெரியவந்தது. இந்தப் புரதம் வெயிலில் அடிக்கடி பழுதாகும். செல் ஓயாமல் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொற்றியபின் செல்லின் சொந்த மரபணுக்களின் வேலை அடங்கிவிடுவதால், ஒளிச்சேர்க்கையும் அதோடு நின்று, வைரஸுக்கு வேண்டிய ஆற்றலும் கிடைக்காமல் போகும். ஆகவே உதிரிப் பாகத்துக்கான மரபணுவை வைரஸே கையோடு கொண்டுவந்து, தன் குஞ்சுகள் தயாராகும்வரை செல்லை வெயிலில் உழைக்கவைக்கிறது.

மதுரை வாசகி: வைரஸ் காய்ச்சலில் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருப்பது, அது நம் ஆற்றலைத் திருடுவதாலா? ஆன்டிபயாடிக் ஏன் உதவாது?

தொற்றிய செல்களில் திருட்டு நடப்பது உண்மைதான். ஆனால் உங்கள் களைப்புக்குப் பெரும்பாலும் காரணம் உங்கள் சொந்த நோயெதிர்ப்பு மண்டலம். அது வெளியிடும் இன்டர்ஃபெரான் போன்ற சமிக்ஞைப் பொருள்கள் மூளையை எட்டி, காய்ச்சலையும் உடல்வலியையும் பசியின்மையையும் உண்டாக்குகின்றன. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே உடலின் ஆற்றல் செலவு பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் கூடும். கஞ்சியும் ஓய்வும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஆன்டிபயாடிக்குகள் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரையோ ரைபோசோமையோ அதுபோன்ற வேறு உறுப்புகளையோதான். வைரஸிடம் அவை எதுவும் இல்லை. அது பயன்படுத்துவது நம் ரைபோசோம்களை. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் நுரையீரலில் பாக்டீரியா தொற்றிக்கொண்டால் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதித் தருவார். அது அந்தப் பாக்டீரியாவுக்கானது. முன்பு மிஞ்சிய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.